நூற்று முப்பத்தேழு

பாயான் லெப்பாஸில் இரவு வேலை.
தலைமுடியை நூறாய் வகிர்ந்த அளவில்
பிழை தேடும் இயந்திரத்துக்கு நான் காவல்.
ஏழு மணிக்கு அட்டையைத் தட்டிவிட்டு வெளியே வந்தால்
மூன்றாம் மாடியில், தூணை ஒட்டி,
என் சிவப்புச் சத்ரியா.
தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வண்டி.
பானெட்டில் வெயில் தின்ற இடத்துக்கு
இன்னும் சாயம் அடிக்கவில்லை.
அந்தக் காசு அடியில் போயிருக்கிறது.

"இதுக்குக் கொட்டினதுல புது மைவியே வாங்கியிருக்கலாம்"
தீபாவளிக்குத் தீபாவளி
அத்தான் புவனேந்திரன் கணக்குப் போடுவார்.
கணக்கு சரிதான்.
முறுக்கைக் கடித்தபடி ஆமாம் என்பேன்.

எஞ்சின் கிடைத்தது சிம்பாங் அம்பாட்டில்.
ஜப்பானில் பாதியாய் வெட்டிய வண்டிகள்
மூக்கு மட்டுமாய் வரிசையில் கிடக்கும் கொட்டகை.
என்னுடையதின் சாம்பல் தட்டில்
யாரோ கடித்த பென்சில் ஒன்று.
அதைச் சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னார் தவுக்கே.
எஞ்சினுக்கு ஒரு சென் குறைக்கவில்லை.
எண்ணை மாற்றிப் பதிய
புஸ்பாகோம் வரிசையில் ஒரு பகல் முழுக்க,
மூன்று பாக்கெட் ஐஸ் மைலோ.

கீழ்வீட்டு ரொஹானா அக்காவுக்குக் கைக்குழந்தை.
அதனால் ஞாயிறு விடிகாலைகளில்
கியரை நியூட்ரலில் தள்ளி
கைப்பிரேக்கை விடுவித்து
ரெலாவ் சரிவில் திருடியைப்போல் உருட்டிக்கொண்டு போவேன்.
பிரேக் மிதி கல்லாய் இறுகியிருக்கும்.
சுராவ் முனை தாண்டித்தான்
சாவியை முழுசாய்த் திருப்புவது.

போன மாதம் புக்கிட் மெர்தாஜாமில்
கியாட் ஹொங் வண்டியை உருளைமேல் ஏற்றிப்
பட்டை போட்டுக் கட்டினான்.
நாலாம் கியர். மிதித்த மிதியில்
பட்டறைத் தகரமெல்லாம் ஆட,
ஓர் அங்குலம் நகராமல்
நூற்றெழுபதில் ஓடியது வண்டி.
திரையில் கோடு ஏறி நின்ற இடம்
நூற்று நாற்பத்தொன்று.
பையன்கள் கைதட்டினார்கள்.

அவன் தட்டவில்லை.
எஞ்சினோடு ஒட்டியிருந்த ஒலிவாங்கியின் காதை
என் காதில் மாட்டிவிட்டு
மறுபடி மிதித்தான்.
ஐயாயிரத்து எண்ணூறு சுற்றில்
தகர டப்பாவுக்குள் யாரோ
பச்சைப்பயறை உருட்டினார்கள்.

"கேட்டுச்சா?"
"கேட்டுச்சு."
"மேட்டுல, மத்தியான வெயில்ல, இன்னும் கேட்கும்.
ஒரு வருஷம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம்.
நம்பர் மட்டும் அழகு. போட்டோ எடுத்துக்கோ."

எடுத்தேன். பிறகு சொன்னேன்:
"பொறியை ரெண்டு பாகை பின்னால இழு."

நூற்று முப்பத்தேழு.
யாரும் கைதட்டவில்லை.
பயறு நின்றிருந்தது.

பாலத்தில் எண்பதிலேயே வந்தேன்.
அத்தானிடம் இதை எப்படிச் சொல்வது?
காசு கொடுத்துக்
குறைத்துக்கொண்டு வந்தேன் என்றா?

அடுத்த ஞாயிறு.
தெலுக் பஹாங் அணை தாண்டினால் வளைவுகள்.
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது
குதிகால் ஆக்சிலேட்டரை ஒரு தொடு தொட,
கியர் தானாக விழுந்தது,
பழகிய வீட்டில் செருப்பைக் கழற்றிவிடுவதுபோல்.
கூரிய திருப்பத்தில் உள்பக்கப் பின்சக்கரம்
அரைநொடி தரையை மறந்தது.
நினைவு வந்து இறங்கியது.
மேட்டில் ஆறாயிரம் வரை போய்ப் பார்த்தேன்.
ரேடியோ இல்லை. கண்ணாடி இறக்கியிருந்தது.
பயறு இல்லை.

எட்டாவது வளைவில்
துரியான் லோரி.

இரட்டைக் கோடு. மணிக்கு முப்பது.
கூடைகளின்மேல் உட்கார்ந்திருந்த பையன்
என் வண்டியைப் பார்த்துக்
கையால் ஒரு முறுக்கு முறுக்கிக் காட்டினான்,
உறுமச் சொல்லி.
உறுமினேன். சிரித்தான்.
லோரி முப்பதிலேயே போனது.

நூற்று முப்பத்தேழு குதிரைகளும்
தலைகுனிந்து நடந்து வந்தன
பாலிக் புலாவ் வரை.
கண்ணாடியை ஏற்றிப் பார்த்தேன், பயனில்லை.
மூடியில்லாத வடிகட்டி வழியே
எஞ்சின் மூச்சிழுப்பதும் அதே காற்றைத்தான்.
கலவை முள் மட்டும்
பதினாலு புள்ளி ஏழில்
அசையாமல் நின்றது,
துரியான் கலந்தும்.